ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளியும் இலவச ஸ்டிக்கரும்

பழைய சைக்கிளுக்கு விலை சொல்கிற தொழிலில், விற்க வந்தவர் என்னைக் கொள்ளைக்காரி என்பார், வாங்க வந்தவரும் கொள்ளைக்காரி என்பார். இரண்டு பேரும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் விலை சரியாக அமைந்துவிட்டது என்று சந்தோஷமாகக் கடையைச் சாத்துவேன்.

பழைய கார், பழைய கைப்பேசி, ஒரே ஒரு நாள் கட்டிய கல்யாணப் புடவை என்று எதையாவது விற்கப் போய், வாங்குகிறவர் முகம் போன போக்கைப் பார்த்து வயிறெரிந்து திரும்பிய என் இனத்தாரே, இது உங்களுக்காக. நான் மல்லிகா. சிங்கப்பூரில் ஒரு சைக்கிள் கடையில் பதினோரு வருஷம் கிரீஸ் பூசிய கை இது. ஐந்து வருஷமாக எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவில் குலாய் ஊரில் சொந்தமாகக் கடை. பழைய சைக்கிள்களை வாங்கி, சரிபார்த்து, விற்கிறேன். எனக்கு இடது பக்கம் ஜப்பார் பாய் சாப்பாட்டுக் கடை, வலது பக்கம் டயர் கடை. ஒரு பக்கம் பரோட்டா வாசனை, மறுபக்கம் ரப்பர் வாசனை. பசிக்கிறதா, குமட்டுகிறதா என்று மத்தியானம் வரைக்கும் எனக்கே தெரியாது.

என் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த சைக்கிள் போனாலும் கூடவே ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். ஃப்ரேமில் விரிசல் உண்டா இல்லையா, எதெல்லாம் தேய்ந்திருக்கிறது, இந்த விலை எப்படி வந்தது என்று எல்லாம் எழுதி, கீழே கையெழுத்து. என்னிடம் பெரிய போர்டு கிடையாது, ஏர்கான் கிடையாது, கடன் அட்டை மெஷின்கூட வாரத்தில் நாலு நாள்தான் வேலை செய்யும். அந்தச் சீட்டை நம்பித்தான் ஆட்கள் வருகிறார்கள். அது பொய் என்று ஒரு தடவை ஆகிவிட்டால் நான் பேசாமல் பாய் கடையில் தட்டு கழுவப் போகலாம்.

அப்படி நான் எழுதிய ஒரு சீட்டின் கதை இது. சைக்கிள் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு நிற டைம் ட்ரையல் சைக்கிள்.

பதினாலாயிரம் மாப்பிள்ளை

டைம் ட்ரையல் சைக்கிள் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தோடு போட்டி போட்டுத் தனியாக ஓட்டுகிற பந்தயத்துக்கென்றே செய்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளில் முழங்கையை ஊன்றி, சாமி முன்னால் விழுந்து கும்பிடுகிற மாதிரி படுத்துக்கொண்டு மிதிக்க வேண்டும். நேராகப் போகும். திரும்பச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். பாசாருக்குப் போய் ஒரு கட்டு கீரை வாங்கி வரக்கூட உதவாது. இதை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பந்தயத்துக்குப் போவார்கள், முதுகு பிடித்துக்கொள்ளும், மறுவாரம் என் கடைக்கு வருவார்கள். அதனால்தான் சாதா சைக்கிளைவிட இதன் விலை சீக்கிரம் இறங்கும். வாங்க ஆள் கம்மி, விற்க ஆள் ஜாஸ்தி.

பிரகாஷ் கோத்தா திங்கிப் பையன். பையன் என்றால் முப்பத்து மூன்று வயசு. சிங்கப்பூரில் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே ஆறாயிரத்து ஐந்நூறு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறான். என்னிடம் பதினாலாயிரம் நம் வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட், கேட்டான். கேட்ட தோரணையைப் பார்த்தால் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை தோற்றான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வயசு ஆறு வருஷம். பிரேக் பழைய மாதிரி, சக்கர விளிம்பைப் பிடிக்கிறது. இப்போது எல்லாரும் டிஸ்க் பிரேக் கேட்கிறார்கள். ஃப்ரேம் சின்ன அளவு; ஆறடி ஆள் ஏறினால் முழங்கால் காதில் இடிக்கும். கியர் பேட்டரி பாதி உயிர். டயர் இரண்டும் வெடித்துக் கிடக்கின்றன. சக்கரங்கள் மட்டும் தங்கம். எல்லாம் கூட்டிக் கழித்தால் ஏழாயிரத்து எண்ணூறுக்கு விற்கலாம், உனக்கு ஆறாயிரத்து ஐந்நூறு தரலாம் என்றேன். வாங்கிய அதே நம்பர், நாடு மட்டும்தான் வேறு. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கயாவது விழுந்தியா தம்பி?" என்று கேட்டேன். "நான் விழுந்ததே இல்லக்கா" என்றான், கண்ணைப் பார்த்தே. இருந்தாலும் இருபது காசை எடுத்து ஃப்ரேம் முழுக்கத் தட்டினேன். ஃப்ரேம் கார்பன் நாரால் செய்தது. நன்றாக இருந்தால் 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்கும். உள்ளே உடைந்திருந்தால் அழுகிய பூசணி மாதிரி 'பொத்' என்று கேட்கும். மேல் குழாய் சரி. பின் கம்பிகள் சரி. கீழ்க் குழாயில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வேல் ஸ்டிக்கர், 'ஓம் சரவணபவ' என்று எழுதியது. "அம்மா ஒட்டினது" என்றான். வேலின் மேல் காசால் தட்ட எனக்கு மனசு வரவில்லை. கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதற்கு மேலேயும் கீழேயும் தட்டிவிட்டு அடுத்த குழாய்க்குப் போய்விட்டேன். அரை மணி நேரம் இழுபறி நடந்து, ஆறாயிரத்து ஐந்நூறை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்பிச் சொன்னான்:

"நல்லா இருங்க அக்கா. அந்த ஸ்டிக்கருக்குக் காசு வேணாம், அது ஃப்ரீ."

முதலாளி வந்தால் சொல்லவும்

சைக்கிளைக் கழுவித் துடைத்து, புது டயர் போட்டு, கொக்கியில் மாட்டினேன். ஏழாயிரத்து எண்ணூறு என்று அட்டை தொங்கவிட்டேன். முதலில் வந்தவர் ஜொகூர் பாருவிலிருந்து, உடம்போடு ஒட்டிய பந்தய உடையில், காரில் வந்தார். சைக்கிள் உடுப்பில் காரில் வருகிறவர்களிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. வேர்க்காமலேயே வீரர் ஆகிவிட்டார்கள். என்னை ஒரு பார்வை, கடையை ஒரு பார்வை. "முதலாளி இல்லையா?" "வெளியே போயிருக்கிறார்" என்றேன். சில நாள் அப்படிச் சொல்வதுதான் வசதி. முதலாளியைக் குறை சொல்ல நானும் ஒரு ஆளாகச் சேர்ந்துகொள்ளலாம்.

பையிலிருந்து தொங்கு தராசு ஒன்றை எடுத்து சைக்கிளை மாட்டி எடை பார்த்தார். "நூத்திப் பத்து கிராம் ஜாஸ்தி" என்று உதட்டைப் பிதுக்கினார். தொப்பையில் ஒரு நாலு கிலோ சும்மா தூக்கிக்கொண்டு நிற்கிற மனுஷன்! பிறகு டிஸ்க் பிரேக் இல்லாத சைக்கிளை இனி எந்த மடையனும் வாங்க மாட்டான் என்று இருபது நிமிஷம் பாடம் எடுத்தார். எல்லாம் வீடியோவில் பார்த்ததாம். "இந்த சைக்கிள்ல யாரும் அவ்வளவா பிரேக்கே பிடிக்க மாட்டாங்களே சார்" என்று கேட்டேன். அதை அவர் கேட்காத மாதிரி இருந்துவிட்டார். ஃப்ரேமை மட்டும் விரலால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இது முக்கியம், நினைவில் வையுங்கள். எடை பார்த்தவரும் பார்க்கவில்லை, தட்டிப் பார்த்த நானும் பார்க்கவில்லை. காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

"முதலாளி வந்ததும் சொல்லும்மா, நாலாயிரத்துக்கு மேல ஒரு காசு தர மாட்டேன்னு. அவருக்கு இதெல்லாம் புரியும்."

பத்து பாகாட்டிலிருந்து ஒரு நீதிபதி

அடுத்தது ஒரு கணவன் மனைவி, பத்து பாகாட்காரர்கள். அவர் அங்கே துணி ஆலையில் சூப்பர்வைசர், பெயர் சேகர். சைக்கிளைப் பார்த்ததும் அவர் கண்ணில் தெரிந்த வெளிச்சத்தை அவர் மனைவியும் பார்த்துவிட்டார். அதோடு வியாபாரம் போயிற்று. அந்த அம்மா கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. கேள்வி மட்டும் கேட்டார். கூடை எங்கே? இல்லை. பின்னால் பிள்ளை உட்காருகிற சீட்? இல்லை. நிறுத்துகிற ஸ்டாண்ட்? இல்லை. மழைக்குச் சேறு மறைக்கிற தகடு? இல்லை. "மணியாவது இருக்கா?" நான் தலையைச் சொறிந்தேன்.

"அப்ப ஏழாயிரத்து எண்ணூறு எதுக்கு? இல்லாததுக்கெல்லாமா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், பதினாறு வருஷத் தொழிலில் இந்த சைக்கிளைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் கேட்டதில்லை. சேகர் பாவம், நேரம் மிச்சமாகும், நிமிஷம் மிச்சமாகும் என்று ஏதோ முனகினார். நானும் அவருக்கு ஒத்தாசையாக, இதே ஆளை ஓட்டவிட்டால் சாதா சைக்கிளைவிட மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடவே போகும் என்றேன். அந்த அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்:

"மோட்டார் சைக்கிள்ல போயே இவரு ஒருநாள்கூட நேரத்துக்கு வேலைக்குப் போனதில்ல. பெட்ரோல் செய்யாததை இவரு காலு செஞ்சிருமா?"

தே ஓ கோசோங்

இப்போது ஜப்பார் பாய். நாற்பத்தேழு வயசு. அப்பா காலத்திலிருந்து சாப்பாட்டுக் கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சர்க்கரை என்று சொன்னதும், கடையில் எல்லாருக்கும் பால் விட்டு இழுத்து இழுத்து டீ ஆற்றிக் கொடுத்த மனுஷன், தான் மட்டும் சர்க்கரையும் பாலும் இல்லாத தே ஓ கோசோங் குடிக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு பழைய சைக்கிள் வாங்கி, காலையில் செடெனாக்கில் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் மிதித்தார். தொண்ணூற்றிரண்டு கிலோ எழுபத்தெட்டு ஆனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விட்டதா? தேசாரு பக்கம் நடக்கப்போகிற ஒரு பந்தயத்தில் பெயர் கொடுத்துவிட்டு, என் கொக்கியில் தொங்கிய கறுப்பு சைக்கிளைத் தினமும் வந்து பார்க்க ஆரம்பித்தார். உயரமும் ஐந்தடி நாலு. அந்தச் சின்ன ஃப்ரேம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திற்று.

பேரம் ஐந்து வாரம் நடந்தது. பாய் விலையைக் குறைக்கச் சொல்லவே மாட்டார். கூட ஏதாவது கேட்பார். முதல் வாரம் தண்ணீர் பாட்டில், இரண்டாம் வாரம் பம்ப், மூன்றாம் வாரம் உட்காருமிடத்தில் பஞ்சு வைத்த கால்சட்டை. மீன் வாங்கும்போது கறிவேப்பிலை கேட்டுப் பழகிய கை. "அலமாக், பாய், இதுக்குப் பேசாம என் கடையையே எழுதி வாங்கிக்குங்க" என்று நான் கத்த, கடைசியில் ஏழாயிரத்து ஐந்நூறு, பாட்டில் ஒன்று இலவசம் என்று முடிந்தது. வேறு யாரிடமாவது காட்டி விசாரித்துக்கொள்ளுங்கள் என்று நானே சொன்னேன். "நீங்க சீட்டு எழுதிக் குடுங்க மல்லி, அது போதும்" என்றார். ஃப்ரேம் நல்ல நிலை, விரிசல் இல்லை, விலை நியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் மனைவி மும்தாஜ் ஒரு டப்பாவில் கோழிக்கறி கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கறிக்கு ஒரு காரணம் இருக்கும் என்று அப்போதே தெரிந்தது. செடெனாக் ரோட்டில் ஒரு இறக்கம் உண்டு, செம்பனை லாரிகள் ஏறி இறங்குகிற இடம். அதில் பாய் எவ்வளவு வேகமாகப் போகிறார் என்று யாரோ மும்தாஜிடம் சொல்லியிருக்கிறார்கள். மும்தாஜ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"டாக்டர் சொன்னதையே பாதிதான் நம்புவாரு. நீங்க எழுதினதை மடிச்சு பர்ஸ்ல வச்சிருக்காரு. அவ்வளவுதான் நான் சொல்றது, பாத்துக்குங்க."

ஹேர் டிரையர்

மறுநாள் சனிக்கிழமை காலையில் பாய் சைக்கிளை எடுத்துப் போக வந்தார். புதுச் சட்டை, தலையில் எண்ணெய், கையில் பணம். பணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்வேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த வேலு... உங்க சாமி. நான் அதுமேல வேர்வையைக் கொட்டிக்கிட்டு, காலை வீசிக்கிட்டு ஓட்டுறது மரியாதை இல்ல. நானே பிச்சு எடுத்தாலும் நல்லா இருக்காது. நீங்களே எடுத்து வச்சுக்கிட்டா நல்லது." எவ்வளவு பக்குவமான மனுஷன் பாருங்கள்! அதில் என்ன பாய் இருக்கிறது, ஐந்து நிமிஷம், போய் உங்கள் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

ஹேர் டிரையரை எடுத்துச் சூடு காட்டினேன். பசை இளகியதும், "முருகா, மன்னிச்சுக்கோ" என்று சொல்லி ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தேன். வேலின் நுனி வந்தது. 'ஓம்' வந்தது. 'சரவண' வரும்போது அடியில் ஒரு முடி மாதிரி ஏதோ தெரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் கீறினேன், நகம் சிக்கிற்று. குழாயின் பாதிச் சுற்றளவுக்கு ஓடுகிற விரிசல். இருபது காசை எடுத்துத் தட்டினேன்.

பொத்.

கார்பன் இரும்பு மாதிரி வளைந்து நெளிந்து எச்சரிக்கை கொடுக்காது. ஒருநாள் ஒரு குழியில் இறங்கும், ஒடியும், அவ்வளவுதான். அந்த செடெனாக் இறக்கமும், எதிரே வரும் லாரியும், முழங்கையை ஊன்றிப் படுத்துக்கிடக்கும் பாயும் என் கண் முன்னால் வந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இன்னொன்றும் தோன்றியது. பசை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஸ்டிக்கரைத் திரும்ப அழுத்தி, உரிக்க வரவில்லை பாய், நீங்கள் வேறு சைக்கிள் பாருங்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டால் என் கையெழுத்து பிழைக்கும். கொக்கியில் மாட்டி வேறு யாரிடமாவது தள்ளிவிடலாம். மூன்று நிமிஷம் இருக்கும், ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்புறம் பாயைக் கூப்பிட்டு, விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டி, "நான் எழுதினது தப்பு" என்றேன். பணத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

பாய் விரிசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த இருபது காசை வாங்கி, அவரே இரண்டு தடவை தட்டிக் கேட்டார். பர்ஸிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து முழுக்கப் படித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீட்டை மறுபடி மடித்துக்கொண்டே, ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"எல்லாம் தட்டிப் பாத்த கை, உங்க சாமி இருந்த எடத்த மட்டும் எங்க சாமி பாத்துக்கட்டும்னு விட்டு வச்சிருக்கு."

விசாரணை

அவர் போனதும் பிரகாஷுக்குப் போன் போட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் நின்றிருந்தால் டயர் கழற்றுகிற லீவரால் அவன் பல்லைக் கழற்றியிருப்பேன். "விழுந்ததே இல்லன்னு சொன்னியேடா!" "ஆமாக்கா, நான் விழுந்ததே இல்ல." "அப்ப கீழ்க் குழாயில எப்படி விரிசல்?" அப்புறம்தான் கதை வந்தது. ஒருநாள் வீட்டு வாசலில் சாத்தி வைத்திருந்தானாம். காற்றில் சாய்ந்து, வாசல் கல் விளிம்பில் விழுந்ததாம். "நான் மேல இல்லல்லக்கா? சைக்கிள்தானே விழுந்துச்சு? நீங்க கேட்டது என்னைத்தானே?" அடப்பாவி! வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய பிள்ளை, சிங்கப்பூரில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறது.

பின்னால் யாரோ பேசுகிற சத்தம். போனை அவன் அம்மா பிடுங்கிக்கொண்டார். மறைக்கத்தான் ஸ்டிக்கர் ஒட்டினீர்களா என்று அந்த அம்மாவிடமும் பாய்ந்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு என் கேள்வியே புரியவில்லை. வண்டி விழுந்தது என்று பிள்ளை சொன்னதும், எங்கே அடி என்று கேட்டாராம். அவன் விரல் வைத்துக் காட்டினானாம். கோயிலுக்குப் போய் வேல் வாங்கி வந்து, சரியாக அந்த இடத்தில், வெடிப்பு முழுக்க மறைகிற மாதிரி, அர்ச்சனை செய்து ஒட்டினாராம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். குரலில் கள்ளமே இல்லை, பெருமைதான் இருந்தது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. கடைசியில் அவரே என்னைக் கேட்டார்:

"அடி பட்ட எடத்துலதானேம்மா சாமியை வைக்கணும்? நல்லா இருக்கிற எடத்துல வச்சு என்ன பண்றது?"

உடைந்த பிறகு ஒரு நியாய விலை

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவும் பிள்ளையும் கோத்தா திங்கியிலிருந்து வந்து இறங்கினார்கள். பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அம்மா கையில் ஒரு பை ரம்புத்தான். மறுபடி விலை பேச உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஃப்ரேமுக்குப் பூஜ்யம். சக்கரம், கியர், கைப்பிடி, நான் போட்ட டயர் நீங்கலாக எல்லாம் சேர்ந்து நாலாயிரம். நான் சரியாகப் பார்க்காததற்கு ஐந்நூறு என் தலையில். மீதி இரண்டாயிரத்தை பிரகாஷ் எடுத்து வைத்தான். அம்மா பக்கத்தில் நின்றார்களே. நாலாயிரம்! முதலாளியைத் தேடி வந்த தொப்பைக்காரர் சொன்ன அதே விலை. தப்பான காரணத்துக்குச் சரியான விலை சொன்ன மகராசன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காததற்கு விரிசல் பாதிக் காரணம், இது பாதிக் காரணம்.

ஃப்ரேமை யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாதென்று அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே ரம்பத்தால் இரண்டாக அறுத்தேன். அறுத்து முடித்ததும் அந்த அம்மா கையை நீட்டினார். மேசை டிராயரில் ஒரு தாளில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த வேல் ஸ்டிக்கரைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிள்ளையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இதை ஃப்ரீன்னு குடுத்தியாமே. சாமியை ஃப்ரீயா குடுத்துட்டு, உடைஞ்சதைக் காசுக்கு வித்திருக்க. வீட்டுக்கு வா, பேசிக்கலாம்."

சீட்டு போன இடம்

பாய் ஒரு வாரம் என் கடைப் பக்கம் வரவில்லை. டீ மட்டும் வழக்கம்போல் வந்தது. சரி, கதை முடிந்தது, இனி இந்தத் தெருவில் யார் என் சீட்டை மதிப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். எட்டாம் நாள் காசு கொடுக்கிற சாக்கில் அவர் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு மேலே, மீன் கறி விலைக்கும் ஆட்டுக்கறி விலைக்கும் நடுவில், என் சீட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். 'ஃப்ரேம் நல்ல நிலை, விரிசல் இல்லை' என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் அவர் கையெழுத்தில் ஒரு வரி: 'மறுநாள் அவங்களே தப்புன்னு சொல்லிட்டாங்க.'

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, கண்ணாடியைக் கழற்றி அவர் தலையில் போட வேண்டும் என்றும் வந்தது. சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் கையைக் கழுவிவிட்டு அதைத்தான் படிக்கிறார்கள். படித்தவர்களில் நாலு பேர் அந்த வாரமே தங்கள் பழைய சைக்கிளோடு வந்தார்கள். கூட்டம் எதற்கு வந்தது, என் நாணயத்தைப் பார்த்தா, என் முட்டாள்தனத்தைப் பார்த்தா என்று நான் விசாரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து பாய்க்கு வேறொரு டைம் ட்ரையல் சைக்கிள் கிடைத்தது. ஒட்டியிருந்த கம்பெனிப் பெயர் உட்பட எல்லாவற்றையும் உரித்து, மொட்டையாக அவர் முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் மும்தாஜ் நின்றார். என் இருபது காசை எடுத்து ஃப்ரேம் முழுக்க அவரே தட்டினார், கருவாடு பார்க்கிற மாதிரி ஒரு விரல்கடை விடாமல். பிறகு காசை என் கையில் வைத்துச் சொன்னார்:

"இப்ப எழுதுங்க சீட்டு. எழுதிட்டு, இவரு பந்தயத்துல கடைசியா வந்தா அதுக்கு நான் பொறுப்பில்லன்னு அதையும் சேத்து எழுதிருங்க."

பாய் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தார், ஆனால் முழுசாக வந்தார். பதினாறு வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் தெரிந்துகொண்டது, பழைய சைக்கிளுக்கு நியாயமான விலை சொல்ல வேண்டுமென்றால் முதலில் சாமியைக் கும்பிட வேண்டும், கும்பிட்ட கையோடு உரித்தும் பார்த்துவிட வேண்டும்.